வீட்டுக்கு ஒரே போன்: வாட்ஸ்அப் குழு யாருக்குப் பயன்படுகிறது?

கேள்வி — மலைப்பள்ளிக் கணக்கு ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். சவ்வாது மலையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். பத்தாம் வகுப்பில் இந்த ஆண்டு 34 பேர் படிக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டியவர்கள். மழைக்காலத்தில் பேருந்து வராத நாள்களிலும், வீட்டு வேலைக்காக மாணவர்கள் நின்றுவிடும் நாள்களிலும் பாடம் விட்டுப் போகிறது என்பதால், ஜூன் மாதத்தில் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினேன். அன்றன்றைய கணக்குகளை நானே கரும்பலகையில் போட்டுக் காணொளியாக எடுத்து இரவு எட்டு மணிக்குள் அனுப்பிவிடுவேன்.

34 வீடுகளில் 21 வீடுகளின் எண்கள்தான் கிடைத்தன. மீதி 13 வீடுகளில் சிலவற்றில் பட்டன் போன், சிலவற்றில் போன் இருந்தும் ரீசார்ஜ் இல்லை, இரண்டு குக்கிராமங்களில் டவரே எட்டாது. சேர்ந்த 21 பேரிலும் காணொளியைத் திறந்து பார்ப்பவர்கள் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை என்பது, செய்தித் தகவலில் யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு மாதம் கழித்துச் சரிபார்த்தபோது தெரிந்தது. வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்புபவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரும் குழு இல்லாமலேயே நன்றாகப் படிக்கக்கூடியவர்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன் நான் வைத்த சிறு தேர்வில் அவர்களுடைய மதிப்பெண் கூடியிருக்கிறது, கடைசி வரிசையின் மதிப்பெண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடைவெளியைக் குறைக்கப் போய் நானே அதை அகலப்படுத்திவிட்டேனோ என்ற உறுத்தல் இருக்கிறது.

குழுவைக் கலைத்துவிடலாமா, யூடியூப் அல்லது டெலிகிராம் பக்கம் போகலாமா, அந்த 13 பேருக்கு என்ன செய்யலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். எல்லோருக்கும் டேப்லெட் வாங்கித் தர நன்கொடையாளரைத் தேடுங்கள் என்ற யோசனை ஏற்கெனவே வந்துவிட்டது. அதைத் தவிர வேறு வழிகளைச் சொன்னால் நன்று.

பதில் 1 — முன்னாள் தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்

ஐயா, வணக்கம். 2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டபோது சேர்ந்து, மாலை நேரத்தில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவள் நான். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் போனைக் குழந்தையின் பொருளாகக் கணக்கிட்டுவிட்டீர்கள். அது வீட்டின் பொருள். இன்னும் சரியாகச் சொன்னால் அப்பாவின் பொருள். அப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் கூடவே போகிறது. இரவு எட்டரைக்கு அவர் வந்து, சாப்பிட்டு, தனக்கு வந்தவற்றைப் பார்த்து முடித்து, அண்ணன் வாங்கிப் பார்த்து முடித்த பிறகு மிஞ்சும் சார்ஜில்தான் உங்கள் மாணவிக்குக் கணக்குப் பாடம் கிடைக்கும். அதற்குள் அவள் தூங்கியிருப்பாள்.

இது என் ஊகம் மட்டும் அல்ல. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை நாடளவில் ஆராயும் ஏசர் (ASER) அறிக்கையின்படி, பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் உள்ளவை 2018இல் 36.5 விழுக்காடாக இருந்து 2021இல் 67.6 விழுக்காடாக உயர்ந்தன. அதே 2021 அறிக்கை, வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தும் அதைத் தொடவே வாய்ப்பில்லாத பிள்ளைகள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்றும் சொன்னது. முதல் எண்ணைப் படித்தவர்கள் பலர், இரண்டாவதைப் படித்தவர்கள் சிலர். உங்கள் 21 பேரில் ஒன்பது பேர் பார்ப்பதே இல்லை என்பது அலட்சியம் ஆகாது. அவர்களுக்குப் போன் கைக்கு வந்திருக்காது.

நான் செய்தது இதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறது, யார் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துப் பார்த்தால், எங்கள் தெருவில் ஒன்பது பிள்ளைகளுக்குப் பொதுவாக மூன்று வீடுகளில் மாலை ஆறு மணிக்கே போன் இருந்தது. அவற்றில் ஒன்றில் தாத்தாவின் போன், ஒன்றில் தையல் வேலை செய்யும் அக்காவின் போன். அந்த மூன்று வீடுகளைப் 'போன் வீடு' என்று வைத்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக அங்கே போய்க் கேட்பதற்கு அம்மாக்களிடம் பேசி ஏற்பாடு செய்தேன். இதற்குப் பணம் எதுவும் செலவாகவில்லை, கெஞ்சல்தான் செலவு. தையல் அக்காவுக்கு அவ்வப்போது டேட்டா போட்டுவிட்டேன்.

இன்னொன்று. காணொளியை நிறுத்திவிட்டுக் குரல் பதிவுக்கு மாறிப் பாருங்கள். பிள்ளை கீரை ஆய்ந்துகொண்டே, தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டே குரலைக் கேட்கலாம். காணொளிக்குக் கண்ணும் கையும் வேண்டும்; பெண் பிள்ளைகளுக்கு மாலையில் அவை இரண்டும் ஓய்வாக இருப்பதில்லை.

பதில் 2 — போன் கடைக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கைபேசி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்பவன் என்ற முறையில் டேட்டா கணக்கை மட்டும் சொல்கிறேன்.

கைபேசியில் எடுக்கும் பத்து நிமிடக் காணொளி, வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பினாலும் பல பத்து எம்பி அளவுக்கு வரும். அதே பத்து நிமிடத்தைக் குரல் பதிவாக அனுப்பினால் பெரும்பாலும் இரண்டு எம்பிக்குள் அடங்கும். கரும்பலகையைப் படம் எடுத்தால் அது சில நூறு கேபிதான். ஆகவே ஒரு படம், அதற்கு ஐந்து நிமிட விளக்கக் குரல் என்று அனுப்பினால், ஒற்றைக் கோடு சிக்னலிலும் அது இறங்கிவிடும். 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்த பிறகு, என் கடைக்கு வருபவர்களில் தினசரி டேட்டா திட்டத்தை விட்டுவிட்டுப் பேசுவதற்கு மட்டும் ரீசார்ஜ் செய்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள் காணொளி அனுப்பினால், கூலிப் பணத்தை எடுத்துப் பாடம் பார்க்கச் சொல்வதற்கு அது சமம்.

தொடுகோடு வரைவது போன்ற வடிவியல் பாடத்துக்குக் குரல் போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும், அது நியாயம்தான். அவற்றை மட்டும் யூடியூபில் ஏற்றுங்கள். யூடியூப் செயலியில் காணொளியைப் போனிலேயே சேமித்து வைத்து இணையம் இல்லாமல் பார்க்கும் வசதி இந்தியாவில் 2014 முதல் இருக்கிறது. சிக்னல் உள்ள இடத்துக்கு வரும்போது குறைந்த தரத்தில் சேமித்துக்கொண்டு போனால் வீட்டில் எத்தனை முறையும் பார்க்கலாம். ஏற்றும்போது குழந்தைகளுக்கான காணொளி என்று குறித்துவிட்டால் கருத்துப் பெட்டி தானாகவே மூடிக்கொள்ளும். வேண்டாதவர்கள் வந்து எழுதும் தொல்லை இருக்காது.

ஜியோபோன் வகைப் பட்டன் போன்களில் முன்பு வாட்ஸ்அப் வேலை செய்தது. 2025இன் தொடக்கத்தோடு அது நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டு மிகப் பழையதாக இருந்தாலும் வாட்ஸ்அப் திறக்காது. எனவே 'போனில் வாட்ஸ்அப் போயிடுச்சு சார்' என்று ஒரு பிள்ளை சொன்னால் சாக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையாகவே போயிருக்கும்.

பெற்றோர் போனில் படங்களும் காணொளிகளும் தானாக இறங்குவதை நிறுத்திவைக்கச் சொல்லிக் கொடுங்கள். இது சிறிய வேலைதான், ஆனால் காலை வணக்கப் படங்களும் அரசியல் காணொளிகளும் அன்றைய டேட்டாவைத் தின்று முடித்த பிறகு உங்கள் கணக்கு வந்து நிற்பதுதான் பெரும்பாலான போன்களில் நடக்கிறது.

பதில் 3 — ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்

மற்றவர்கள் கருவியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் கொஞ்சம் மாறுபட்டுப் பேச வேண்டியிருக்கிறது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நமக்கு வேறு வழி இருக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கப்பட்டிருந்தது நம் நல்லூழ். ஆனால் அன்று நெருக்கடிக்காகச் செய்ததை இன்று வழக்கமாக்கிக்கொண்டோம். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது, சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது, தேர்வு அட்டவணை வாட்ஸ்அப்பில் வருகிறது. போன் இல்லாத பிள்ளை மறுநாள் காலை பள்ளிக்கு வந்து, தனக்குத் தெரியாத ஒன்றுக்காகத் திட்டு வாங்குகிறான். நான் தலைமை ஆசிரியராக இருந்த கடைசி ஆண்டுகளில் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு விதியைத்தான் வற்புறுத்தினேன்: கரும்பலகையிலோ அறிவிப்புப் பலகையிலோ எழுதாத எதையும் குழுவில் போடக் கூடாது. குழுவில் வருவது ஏற்கெனவே வகுப்பில் சொன்னதன் மறுபதிப்பாக இருக்கலாமே தவிர, அங்கே மட்டும் கிடைக்கும் சரக்காக இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியைப் பின்பற்றினால் உங்கள் 13 பேரில் யாரும் எதையும் இழக்கமாட்டார்கள். ஏழு பேர் கொஞ்சம் கூடுதலாகப் பெறுவார்கள், அதில் தவறில்லை.

வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் மாணவனின் உழைப்பை விட வீட்டின் வசதிதான் அளக்கப்படுகிறது. நோட்டை வாங்கித் திருத்துவதற்கு எந்தச் செயலியும் ஈடாகாது.

அடுத்தது உங்கள் பள்ளியில் உள்ளதைப் பயன்படுத்துவது. உயர் தொழில்நுட்ப ஆய்வகம் என்ற ஹைடெக் லேப் இருக்கிறதா? இருந்தால், மாலை நான்கரை மணிக்கு அது பூட்டிக் கிடக்கிறதா, திறந்திருக்கிறதா? பல பள்ளிகளில் சாவி ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம், கணினி கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம் எல்லோரிடமும் இருக்கும். நானும் அந்தப் பயத்தில் இரண்டு ஆண்டுகள் பூட்டி வைத்தவன்தான். வாரத்தில் இரண்டு நாள், மதிய உணவு இடைவேளையில், குழுவில் இல்லாத அந்த 13 பேருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்து ஆய்வகத்தைத் திறங்கள். 2018இலிருந்து வந்த புதிய பாடநூல்களில் அச்சாகியுள்ள க்யூஆர் குறியீடுகளும், 2023இல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலியும் ஆறாம் வகுப்பிலிருந்தே பாடக் காணொளிகளைத் தருகின்றன. நீங்கள் இரவு உட்கார்ந்து எடுக்கும் காணொளிகளில் பாதி அங்கே ஏற்கெனவே இருக்கக்கூடும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்று வரையறுத்து, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஆசிரியர் தொடங்கும் குழுவுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டு, நீங்கள் எளிமையாக ஒன்று செய்யலாம்: பெற்றோர் கூட்டத்தில் குழுவின் நோக்கத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் எண்ணை விடப் பெற்றோர் எண் குழுவில் இருப்பது நல்லது. மாணவர்களின் படங்களையும் மதிப்பெண் பட்டியலையும் அங்கே போடவே போடாதீர்கள். கடைசி மதிப்பெண் வாங்கியவனின் பெயரை ஊரே பார்த்துவிட்டால் அவன் நாளைக்குப் பள்ளிக்கு வருவான் என்று எதிர்பார்க்க முடியாது.

பதில் 4 — கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி

ஐயா, நான் இந்தப் பக்கத்தில் படிப்பேனே தவிர எழுதுவதில்லை. மேலே யாரும் தொடாத ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் வகுப்புக்கும் இப்படி ஒரு குழு இருந்தது. ஆண், பெண் எல்லோருடைய எண்களும் அதில் தெரியும். என் அம்மாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். இரண்டே வாரத்தில் யாரோ அந்த எண்ணை எடுத்து இரவு பதினொரு மணிக்கு 'ஹாய்' என்று அனுப்பினார்கள். அனுப்பியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு, அனுப்பியவனைத் தேடவில்லை; என்னைக் குழுவிலிருந்து விலக்கினார். பொதுத்தேர்வு வரை போன் என் கைக்கு வரவில்லை. உங்கள் குழுவில் பார்க்காமல் இருப்பவர்களில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள் ஐயா.

ஏசர் 2024 அறிக்கையில் 14 முதல் 16 வயதுக்குள் உள்ளவர்களைக் கேட்டிருந்தார்கள். ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் தமக்கென்று சொந்தப் போன் வைத்திருந்த பையன்கள் 36.2 விழுக்காடு, பெண்கள் 26.9 விழுக்காடு. அந்த வயதில் அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் போனைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. ஆகவே பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போனது சரிதான். ஆனால் அந்த இடத்தில் பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். சமூக ஊடகம் பயன்படுத்தியவர்களில் ஒருவரைத் தடுப்பது அல்லது புகார் செய்வது எப்படி என்று தெரிந்தவர்கள் 62 விழுக்காடுதான் என்று அதே அறிக்கை சொல்கிறது. இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பாடவேளை போதும். என் பள்ளியில் யாராவது அதைச் செய்திருந்தால் நான் குழுவை விட்டுப் போயிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

குழுவுக்குப் பதிலாக வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள். 2023 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் அது இருக்கிறது. அதில் பின்தொடர்பவர் ஒருவரின் எண் இன்னொருவருக்குத் தெரியாது, யாரும் இடையில் எழுதவும் முடியாது. சந்தேகம் கேட்பதற்கு மட்டும் உங்கள் எண்ணைக் கொடுக்கலாம். அதைவிட, பள்ளியில் ஒரு சந்தேகப் பெட்டி வைத்துத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொன்னால் பெண் பிள்ளைகள் கூடுதலாகக் கேட்பார்கள்.

2019இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை போன் கூடாது என்ற விதியை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கு அது. தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்த போன் நினைவுக்கு வந்தது. எந்த அப்பாவிடமும் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஆசிரியர் ஒருவர் நேரில் வந்து, 'உங்கள் மகளுக்காக அரைமணி நேரம் போனைக் கொடுங்கள், பாடம் மட்டும்தான் வரும், யாரும் எழுத முடியாது' என்று சொன்னால் என் அப்பா கொடுத்திருப்பார்.

பதில் 5 — மலைப்பள்ளிக் கணக்கு ஆசிரியர் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரத்துக்குப் பிறகு வந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கல்லூரி மாணவி சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். பார்க்காத ஒன்பது பேரில் எட்டுப் பேர் பெண்கள். இதைக் கேட்காமல் நான் எத்தனை நாள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. குழுவைக் கலைத்துச் சேனலுக்கு மாற்றிவிட்டேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினெட்டுப் பேர்தான். மீதி வீடுகளுக்கு நானும் அறிவியல் ஆசிரியையும் சனிக்கிழமைகளில் நடந்து போனோம். அவர் வந்ததால்தான் உள்ளே உட்காரச் சொன்னார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன் நேர நோட்டு எழுதினோம். மலையில் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் தன்னார்வலர் அம்மா சொன்ன 'போன் வீடு' எல்லா இடத்திலும் ஒத்துவரவில்லை. நான்கு ஊர்களில் ஒத்துவந்தது. டவர் எட்டாத இரண்டு குக்கிராமங்களுக்குக் கடைக்காரர் ஐயாவின் யோசனையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்: அங்கிருந்து வரும் பையன் ஒருவனின் மாமாவிடம் பழைய போன் ஒன்று இருக்கிறது, அதில் சிம் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் அதன் மெமரி கார்டில் அந்த வாரத்துக் குரல் பதிவுகளையும் படங்களையும் ஏற்றிக் கொடுத்தனுப்புகிறேன். அஞ்சு பேர் சேர்ந்து கேட்கிறார்கள். திங்கட்கிழமை கார்டு திரும்பி வரும்போது அதில் சினிமாப் பாட்டு ஏறியிருக்கிறது. அதை நான் அழிப்பதில்லை.

யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றத்தை ஆறு நிமிடக் குரலில் சொல்ல முடியும் என்று நான் நினைத்ததில்லை. மூன்று முறை பதிவு செய்து அழித்து, நான்காம் முறை சரியாக வந்தது. 'இந்தப் படத்தில் இரண்டாவது வரியைப் பார்' என்று சொல்லிச் சொல்லிப் பேச வேண்டியிருக்கிறது. வகுப்பிலும் இப்போது நிதானமாகப் பேசுகிறேன் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

தலைமை ஆசிரியர் ஐயா கேட்ட ஆய்வகச் சாவியைப் பற்றி: எங்கள் பள்ளியிலும் அது பூட்டித்தான் கிடந்தது. இப்போது செவ்வாய், வியாழன் மதிய இடைவேளையில் திறக்கிறோம். கணினிகளில் சில ஓடவில்லை, ஓடுபவற்றில் மூன்று மூன்று பேராக உட்காருகிறார்கள். வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்புவதை நிறுத்தியதில் அந்த ஏழு பேருக்குக் கொஞ்சம் வருத்தம்.

சாமை அறுவடை தொடங்கிவிட்டதால் இந்த இரண்டு வாரமாக வருகை குறைந்திருக்கிறது. போனும் காட்டுக்குப் போய்விடுகிறது, பிள்ளையும் காட்டுக்குப் போய்விடுகிறது. மெமரி கார்டு மட்டும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இதற்கு ஏதாவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.